கடலுக்கும் யானைக்கும் நடுவே

எங்கள் ஊர்கள் ஒல்லியானவை. கிழக்கே வங்காள விரிகுடா, மேற்கே நெல் வட்டை. இரண்டுக்கும் இடையில் சில இடங்களில் இரண்டு கிலோமீற்றர்கூட வராது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று பிரதான வீதியை ஒட்டி, எந்த ஊர் எங்கே முடிகிறது என்று வெளியாருக்குத் தெரியாதபடி நெருங்கிக் கிடக்கிறோம். உம்மாவின் சீதன வீடு கடற்கரைப் பக்கம். எங்கள் வழக்கப்படி வாப்பா அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர். வாப்பாவின் காணி கிட்டங்கி தாண்டி, சவளக்கடைப் பக்கத்து வட்டையில். ஆக, படுத்தால் அலைச் சத்தம். காவலுக்குப் போனால் யானைச் சத்தம். இரண்டில் யானைக்குத்தான் நாங்கள் பயந்தோம். யானைக்குப் பயப்பட வாப்பா சொல்லித் தந்திருந்தார். கடலுக்குப் பயப்பட ஊரில் யாருக்கும் சொல்லித் தரத் தெரியாது.

பெரும்போக வெள்ளாமை குடலைக்கு வந்ததும் காவல் தொடங்கும். மருத மரக் கவட்டில் பரண், அடியில் அணையாத ஒரு கட்டை, கையில் யானை வெடி. தூரத்துப் பரணில் யாராவது கவி பாடுவார்கள். பாட்டு வந்துகொண்டிருந்தால் அவர் விழித்திருக்கிறார் என்று பொருள். பதிலுக்கு நாமும் ஒரு குரல் கொடுக்க வேண்டும். நான் குரல் மாறாத வயதில் முதன்முதல் காவலுக்குப் போனபோது வாப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"தவளை கத்துற வரைக்கும் கண்ணைச் சாய்ச்சுக்க. நிண்டா எழும்பு மனே."

தவளை நின்றால் யானைதான் என்றில்லை. பாம்பு, நரி, கட்டாக்காலி மாடு, வரம்பில் நடக்கும் மனிதன், எதற்கும் அது வாயை மூடும். 'ஏதோ ஒன்று' என்பதோடு தவளையின் வேலை முடிந்தது. மிச்சத்தை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். மூச்சைப் பிடித்துக் கேட்க வேண்டும். யானை நெல்லைப் பிடுங்கி, வேர் மண் போக முன்னங்காலில் அடிக்கும். சேற்றுக்குள் அந்தச் சத்தம் சளக் சளக் என்று வரும். அது வருகிற வரைக்கும் யானை நிம்மதியாகத் தின்கிறது. அதுவும் நின்றுவிட்டால் அது நம்மைக் கவனிக்கத் தொடங்கிவிட்டது. தும்பிக்கை மேலே போகும். ஒரு முன்னங்காலை விரல் நுனியில் ஊன்றி அசையாமல் நிற்கும். அந்த நேரத்தில் பரணில் பீடி பற்ற வைப்பவன் முட்டாள் என்பார் வாப்பா.

யானை காலாலும் கேட்கிறது என்று பின்னாளில் படித்தேன். நமீபியாவின் ஏடோஷாவில் கெய்ட்லின் ஓகானல் என்ற ஆய்வாளர், யானைகளின் அபாயக் குரலை நிலத்துக்குள் அதிர்வாக மட்டும் அனுப்பிப் பார்த்தார். காதால் எதுவும் கேளாமலே கூட்டம் நெருங்கி நின்றது. கென்யாவின் அம்போசெலியில் இன்னொரு சோதனை, 2014இல் வெளியானது. யானையை ஈட்டியால் குத்தும் வழக்கமுள்ள மாசாய் ஆண்களின் பேச்சை ஒலிபெருக்கியில் போட்டால் யானைகள் ஒன்றுகூடிப் பின்வாங்கின. விவசாயிகளான கம்பா மக்களின் குரலுக்கு அவ்வளவு பதறவில்லை. மாசாய் பெண்கள், சிறுவர்களின் குரலுக்கும் அப்படித்தான். இதையெல்லாம் வாப்பாவிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். "துவக்கு உள்ளவன்ட பரணையும் இல்லாதவன்ட பரணையும் அதுக்குத் தெரியும்" என்பது அவர் எப்போதும் சொல்வது.

விலங்குக்குப் பயம் பிறவியிலேயே வருகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். முழுக்க அப்படியில்லை. 1980களில் விஸ்கான்சினில் சூசன் மினெக்கா, ஆய்வுகூடத்திலேயே வளர்ந்த குரங்குகளிடம் பாம்பைக் காட்டினார்; அவை பொருட்படுத்தவில்லை. காட்டில் வளர்ந்த குரங்கு பாம்பைக் கண்டு அலறுவதைப் பார்க்க விட்டார். அதன்பின் அவையும் அலறின. பூவைக் கண்டு ஒரு குரங்கு அலறுவதுபோல் படத்தில் வெட்டி ஒட்டிக் காட்டியபோது எந்தக் குரங்கும் பூவுக்குப் பயப்படக் கற்றுக்கொள்ளவில்லை. பாம்புக்குப் பயப்பட உள்ளே ஏதோ ஓர் ஆயத்தம் இருக்கிறது; அதைத் தட்டி எழுப்ப இன்னொரு குரங்கு வேண்டும். எனக்கு அந்த இன்னொரு குரங்கு வாப்பா. இதைச் சொன்னால் அவர் கோபித்திருக்க மாட்டார்.

கடலில் அப்படி ஒருவர் இல்லை. கடற்கரைக்காரருக்குக் கடல் தெரியாமலில்லை. வாடைக் காற்று, நீரோட்டம், மாரிக் கடலின் குணம், எந்த நிலவுக்கு எந்த மீன் என்று எல்லாம் தெரியும். எல்லாம் கடலுக்குள் போகிறவனின் அறிவு. கடல் வீட்டுக்குள் வருவதுபற்றி ஒரு கதைகூட இல்லை. நடந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. 1883 ஓகஸ்ட் 27, கிரகடோவா எரிமலை வெடித்த அன்று, எங்கள் கரையோரத்தின் தெற்கே அறுகம்பைப் பக்கம் கடல் உள்வாங்கித் திரும்பி வந்தது. பாணமையில் ஒரு பெண் அலையில் அடிபட்டு இறந்ததாகப் பதிவு உண்டு. ஓர் உயிர், ஒரு தடவை. அது கதையாகி எங்கள் மூத்தம்மாமார் வாய்க்கு வந்து சேரவில்லை.

எங்களுக்கு வந்து சேர்ந்தவை வேறு இரண்டு பயங்கள். ஒன்று காற்று. 1978 நவம்பர் 23 சூறாவளி மட்டக்களப்புக் கரையைத் தாக்கியபோது நான் சின்னப் பையன். கல்முனைப் பக்கமும் தப்பவில்லை. நாடு முழுவதும் தொள்ளாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். தகரம் பறந்தது, தென்னைகள் பாதியில் முறிந்தன, நாங்கள் பள்ளிவாசலின் கல் சுவருக்குள் ஒண்டிக்கொண்டு தப்பினோம். வெளியே நின்றவர்கள்மேல்தான் மரமும் தகரமும் விழுந்தன. அன்று படித்த பாடம்: ஆபத்தென்றால் உள்ளே போ.

மற்றது யுத்தம். 1985க்குப் பிறகு, அதிலும் 1990இல், இந்தக் கரையில் வளர்ந்த எவருக்கும் விளக்கத் தேவையில்லை. தெருவில் ஆட்கள் ஓடினால் வெடிச் சத்தம், அல்லது சுற்றிவளைப்பு. பிள்ளைகளை இழுத்து உள்ளே போட்டு, கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, சுவரோரம் படு. இந்தப் பாடமும் அதையே சொன்னது: உள்ளே போ. இருபது வருடங்கள் இது எங்களைக் காப்பாற்றியது. யோசிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போகும்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. பௌர்ணமி. மாரி விட்டு நல்ல வெயில். நான் பிரதான வீதியில் ஒரு தேநீர்க் கடையில் இருந்தேன். எட்டரை கழிந்திருக்கும், கடற்கரை வீதிகளிலிருந்து சனம் ஓடி வந்தது. கடைக்குள் இருந்தவர்கள் கேட்ட முதல் கேள்வியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "எந்தப் பக்கம் வெடி?"

கடை முதலாளி ஒரு கதவை இழுத்துச் சாத்தினார். "கடல் வருது" என்று ஓடி வந்தவர்கள் கத்தினார்கள். சொற்கள் தெளிவாகத்தான் கேட்டன. கேட்டது புரிவதற்கு நேரம் பிடித்தது. கடல் எப்படி வரும்? இரண்டு பேர் என்ன நடக்கிறது என்று பார்க்கக் கிழக்கே நடந்தார்கள். பெண்கள் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்த வழியே திரும்பி ஓடினார்கள். பிறகு தண்ணீர் தெரிந்தது. கறுப்பாக, மரக்கதவும் தோணியும் மாடும் மனிதரும் கலந்து வந்தது. அதற்குமேல் அந்தக் காலையை நான் விவரிக்கப் போவதில்லை; எங்கள் ஊரில் அதை அறியாத வீடு இல்லை.

என் சாச்சியின் வீட்டைப்பற்றி மட்டும் சொல்ல வேண்டும். முதல் தண்ணீர் முழங்காலளவு வந்து வடிந்தது. சாச்சி வீட்டுக்காரர் வெளியே இருந்தார். அவர் ஓடினார், பிழைத்தார். சாச்சி வெளியே வந்து, தெருவில் சனம் ஓடுவதைப் பார்த்து, உள்ளே தூங்கிய பேரப்பிள்ளையிடம் போய், கதவைத் தாழ்ப்பாள் போட்டார். எதிர்வீட்டுக்காரி கண்டது இது. அடுத்த தண்ணீர் ஓட்டுக்கு மேலே போனது. சாச்சி பயந்து குழம்பவில்லை. இருபது வருடமாகப் பழகியதைப் பிசகில்லாமல் செய்தார்.

அவர் தனி ஆளல்ல. பின்னர் அம்பாறை மாவட்டத்து முகாம்களில் வீடுவீடாகக் கேட்டுச் செய்த ஓர் ஆய்வு 2006இல் வெளியானது. அந்தக் குடும்பங்களில் ஆண்களில் நூற்றுக்கு 8.2 பேர் இறந்திருந்தார்கள், பெண்களில் 17.5 பேர். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 31.8 பேர், அதாவது கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று. வெளியே நின்றவர்களைவிட வீட்டுக்குள் இருந்தவர்கள் இரண்டு மடங்குக்கு மேல் இறந்திருந்தார்கள். மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள். நாட்டில் வேறெந்த மாவட்டத்திலும் இவ்வளவு இல்லை.

இழவு வீடுகளில் நாற்பது கழியுமுன்பே விலங்குக் கதைகள் தொடங்கிவிட்டன. முதல் நாள் இரவு நாய் ஊளையிட்டது. காகங்கள் கரையை விட்டுப் போயின. யால காட்டில் ஒரு முயல்கூடச் சாகவில்லை. கடைசிக் கதை வெளிநாட்டுச் செய்திகளில் வந்து உலகமெல்லாம் போனது. வனசீவராசிகள் திணைக்கள அதிகாரி ஒருவரே விலங்குகளின் உடல் எதையும் காணவில்லை என்று சொல்லியிருந்தார். மிருகத்துக்குத் தெரிந்தது, ஆறறிவு மனிதனுக்குத் தெரியவில்லை என்று ஜும்ஆ மேடைகளிலும் பேசினார்கள். ஆறுதலான கதைதான், குற்றம் யாருடையதும் அல்ல என்று ஆகிவிடுகிறது.

நான் கண்டது வேறு. எங்கள் கொட்டிலில் கட்டியிருந்த ஆடுகள் கயிற்றோடு செத்துக் கிடந்தன. கோழிகள் மிச்சமில்லை. கரையில் மீன் வாடிகளைச் சுற்றிக் கிடக்கும் நாய்கள் அன்று காலையும் அங்கேதான் கிடந்தன என்று தப்பிய மீனவர் சொன்னார்கள். காகம் தப்பியது, அதற்குச் சிறகிருக்கிறது. எங்கள் ஊர் நாய் ஊளையிடாத இரவு எது என்று யாராவது சொல்லட்டும்.

யால யானைகளைப்பற்றி ஒரு நல்ல சாட்சியம் உண்டு. அந்த நேரம் அங்கே இரண்டு யானைகளின் கழுத்தில், செய்மதி வழியாக இடம் காட்டும் பட்டி இருந்தது. பிரிதிவிராஜ் பெர்னாண்டோவும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் அந்தப் பதிவுகளை வெளியிட்டார்கள். இரண்டு யானைகளும் சுனாமிக்கு முன் விசேஷமாக எங்கும் ஓடவில்லை. வழக்கம்போல நடந்தன. இரண்டை வைத்து எல்லா யானைகளுக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஊர்க்கதைக்கு அந்த இரண்டும் துணை வரவில்லை.

விலங்குகள் ஒன்றையும் உணர்ந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. பூமி அதிர்ந்தது எங்கள் நேரப்படி காலை ஏழுக்கு ஒரு நிமிடம் முந்தி. (அப்போது நம் நாட்டு மணிக்கூடு இந்தியாவைவிட அரை மணி முந்தி ஓடியது; 2006இல்தான் பழையபடி திருப்பினார்கள்.) சுமாத்திராவிலிருந்து கல்முனை சுமார் 1600 கிலோமீற்றர். நிலத்தின் மேலோட்டில் ஓடும் அதிர்வு ஏழெட்டு நிமிடத்தில் இங்கே வந்திருக்கும்; கடலலைக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. அந்த அதிர்வை ஒரு யானையின் கால் அறிந்திருக்கலாம். அறிந்து என்ன செய்யும்? காலுக்குக் கீழே நிலம் மெல்ல ஆடியதற்கும் ஒன்றரை மணி கழித்துக் கடல் வருவதற்கும் உள்ள தொடர்பை அதற்கு யார் சொல்வது? தவளை நின்றது மாதிரிதான் அது. ஏதோ ஒன்று.

அந்த அதிர்வை உணர்ந்த இன்னொன்று நாட்டிலேயே இருந்தது. கண்டிக்கு அருகே பல்லேகலையில் நில அதிர்வுமானி ஒன்று அப்போதே வேலை செய்துகொண்டிருந்தது. அது உணர்ந்தது, பதிந்தது. ஹவாயிலிருந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் பதினைந்து நிமிடத்தில் ஓர் அறிக்கை விட்டது. பசிபிக் கரைகளுக்கு ஆபத்தில்லை என்று. இந்து சமுத்திரத்துக்கு அப்படியொரு ஏற்பாடே இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் மருதமுனையிலிருந்து நிந்தவூர்வரை ஒவ்வொரு பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் சொல்லி முடித்திருக்கலாம். சொல்ல வேண்டியது என்ன என்பதை மோதினாருக்கு யாரும் சொல்லவில்லை.

பின்னாளில் பாடப்புத்தகத்தில், சுனாமிக்கு முன் கடல் உள்வாங்கும் என்று எழுதினார்கள். பிள்ளைகளுக்கு அதை மட்டும் சொல்லிக் கொடுப்பது ஆபத்து. அன்று கடலடித் தட்டு உடைந்தபோது மேற்குப் பக்கம் உயர்ந்தது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. தாய்லாந்துக்குக் கடல் முதலில் வற்றியது. எங்கள் பக்கத்துக்கு முதலில் வந்ததே உயர்ந்த நீர். வற்றியது அதற்குப் பிறகு. அந்த இடைவெளியில்தான் வெறுந்தரையில் துடித்த மீனைப் பார்க்கப் போனவர்களும் வீட்டுப் பத்திரம் எடுக்கத் திரும்பியவர்களும் அடுத்த அலையில் அகப்பட்டார்கள்.

சுமாத்திராவுக்குப் பக்கத்திலேயே சிமெலுவே என்ற தீவு இருக்கிறது. அதிர்வின் மையத்துக்கு மிக அருகே. அலை வரப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எழுபத்தெட்டாயிரம் பேரில் ஏழு பேர்தான் இறந்தார்கள். 1907இல் அங்கே ஒரு சுனாமி வந்து ஊரை அழித்தது. அதன்பின் தாய்மார் தாலாட்டிலும் கதையிலும் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லி வந்தார்கள்: நிலம் பலமாக ஆடினால், கடல் வற்றினால், மேட்டுக்கு ஓடு. தொண்ணூற்றேழு வருடம் கழித்து, பார்த்தவர் அநேகமாக எவரும் உயிரோடில்லாத காலத்தில், அது வேலை செய்தது. அவர்களுக்கு நம்மைவிட மேலான புலன் ஒன்றும் கிடையாது. அவர்களுக்குப் பாட்டிமார் இருந்தார்கள்.

சுனாமிக்குப் பிறகு எங்களுக்கும் பயம் வந்தது, அளவில்லாமல் வந்தது. 2005 மார்ச் 28 இரவு சுமாத்திராப் பக்கம் மறுபடி பெரிய நிலநடுக்கம். வானொலியில் கேட்டவர் பாதி, சத்தம் கேட்டு எழுந்தவர் பாதி, ஊர் முழுக்கச் செருப்பில்லாமல் மேற்கே ஓடியது. அறுவடை முடிந்த வட்டை. தாளடியில் யானைகள் மேய இறங்கும் காலம். கடலுக்குப் பயந்து யானை நிற்கும் இருட்டுக்குள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனோம், யானை என்ற நினைப்பே ஒருவருக்கும் வரவில்லை. ஒரு நேரத்தில் ஒரு பயத்துக்குத்தான் மனிதனுக்குள் இடம்போலும்.

2007 செப்டெம்பர் 12 பின்னேரம், நோன்புக்கு முந்திய நாட்களில், மறுபடி எச்சரிக்கை. ஓடினோம். பெரிதாக ஒன்றும் வரவில்லை. 2012 ஏப்ரல் 11, லுஹர் தொழுது சாப்பிட்ட கையோடு, மறுபடி. இந்தத் தடவை 8.6. ஆனால் தட்டுகள் மேலும் கீழும் எழாமல் பக்கவாட்டில் உரசிய அதிர்வு அது. கடலைத் தூக்கிப் போடவில்லை. இதற்குள் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் வந்துவிட்டது, கரையோரத்தில் எச்சரிக்கைக் கோபுரங்களும் நின்றன. அன்று ஓடியவர்கள் நிறையப் பேர்தான். ஆனால் கடலைப் பார்ப்பதற்கென்றே கைப்பேசியோடு கரைக்குப் போன வாலிபர்களையும் அன்றுதான் கண்டேன். "ஒண்டும் வராது சேர்" என்றான் என்னிடம் படித்த ஒருவன். அவன் கணக்குப்படி அவன் சரி. ஓடிய தடவையெல்லாம் வரவில்லையே.

வாப்பாவின் யானை வெடியும் இப்படித்தான் வலுவிழந்தது. அவர் காலத்தில் ஒரு வெடிக்கு ஒரு கூட்டம் திரும்பும். இப்போது எங்கள் வட்டையில் வெடி போட்டால் யானை காதை ஒருதரம் ஆட்டிவிட்டுத் தின்பதைத் தொடர்கிறது. சத்தம் கடிக்காது என்று அது படித்துவிட்டது. அறுவடைக் காலத்தில் கிட்டங்கி, நற்பிட்டிமுனை, மாவடிப்பள்ளி வரைக்கும் கூட்டமாக வருகிறது. ஒலுவில் அருகே பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பொலித்தீனோடு சேர்த்துச் சோற்றைத் தின்று எட்டு வருடத்தில் இருபது யானைகள்வரை செத்ததாக 2022 தொடக்கத்தில் செய்தி வந்தது. அங்கிருந்த மின்வேலி 2014இல் மின்னல் பட்டுப் பழுதானபின் திருத்தவில்லை என்றும் அந்தச் செய்தி சொன்னது. மனிதன் கட்டிய எதற்கும் பயமில்லாத யானைக்குப் பொலித்தீன் உறைக்குப் பயப்படச் சொல்லித் தர ஒரு தாய் யானையாலும் முடியாது. அதன் இனம் கண்டிராத ஆபத்து அது.

மனிதர் பக்கமும் அதே கதி. பின்னேரங்களில் வீதியோரம் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, முதுகை யானைக்குக் காட்டிப் படமெடுக்கிறார்கள். நாட்டில் அண்மைய ஆண்டுகளில் வருடத்துக்குச் சுமார் நானூறு யானைகளும் நூறுக்கு மேல் மனிதரும் இந்த மோதலில் சாகிறார்கள். முதுகைக் காட்டக் கூடாது என்று சொன்னால், "அது தூரத்தில நிக்குது" என்கிறார்கள். யானை ஓடினால் மனிதனைவிட வேகம் என்பதை அவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

பொய்ப் பயமும் பார்த்தோம். 2011 ஓகஸ்டில், ரமழான் மாதத்தில், கிழக்கு மாகாணம் முழுக்கக் கிறீஸ் பூசிய மர்ம மனிதன் வருகிறான் என்று கதை பரவியது. ஆளை நேரே கண்டவனைத் தேடினால் அடுத்த தெருவைக் காட்டுவார்கள். தராவீஹ் முடிந்து ஆண்கள் பொல்லோடு சந்திகளில் நின்றார்கள். பூனை குதித்தால் தெரு திரண்டது. பல ஊர்களில் பொலிஸோடு மோதல் வரைக்கும் போனது. கவனித்தால், அது தவளை நின்றதோடு வெடியைக் கொளுத்துகிற காவல். இரண்டாவது அடையாளத்தைத் தேட ஒருவருக்கும் பொறுமையில்லை.

அதே சனம் சரியாகக் கவனித்ததும் உண்டு. 2019 ஏப்ரலில் ஈஸ்டர் தாக்குதல் நடந்து சில நாளில், சாய்ந்தமருதில், சுனாமியில் வீடிழந்தவர்களுக்காகக் கட்டிய வீட்டுத் திட்டத்தில் புதிதாக வந்து குடியேறியவர்களை அக்கம்பக்கத்தார் சந்தேகித்தார்கள். பேச்சுக் கொடுத்தார்கள், விசாரித்தார்கள், தகவல் சொன்னார்கள். 26ஆம் திகதி இரவு அந்த வீட்டில் குண்டுகள் வெடித்துப் பதினைந்து பேர் இறந்தார்கள், அதில் ஆறு பேர் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளைப்பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. ஆனால் அயலவர்கள் விசாரித்ததால் அழிவு அந்த வீட்டோடு நின்றது என்று எங்கள் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பழகிய ஆபத்துக்குத்தான் நாம் கடைசியாகப் பயப்படுகிறோம். காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியை மாரி வெள்ளம் மூடுவது வருடா வருடம் நடப்பது. உழவு இயந்திரத்தில் ஏறிக் கடப்பதும் வழக்கம். 2024 நவம்பர் 26 அன்று அப்படிக் கடந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் கவிழ்ந்து, வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்கள் பலர் மவுத்தானார்கள். கடல் வந்த நாளுக்கு இருபது வருடம் நிறைய ஒரு மாதம் இருந்தது. அந்தத் தண்ணீர் மேற்கிலிருந்து வந்தது.

2004க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது வாக்குப் போடும் வயதில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் சொல்லியிருப்பது நாய் ஊளையிட்ட கதை, கபன் போதாமல் போன கதை, நிவாரண அரிசிக் கதை. ஓடும் வழி அந்தக் கதைகளில் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வீட்டில் உள்ள சின்னதையும் பெரியதையும் கூட்டிக்கொண்டு, உங்கள் வாசலிலிருந்து மேற்கே எந்த ஒழுங்கை மதில் தடுக்காமல் பிரதான வீதிக்குப் போகிறது என்று நடந்து பாருங்கள். கடல் என்றால் கதவைப் பூட்டக் கூடாது, எவருக்காகவும் திரும்பி வரக் கூடாது, முதல் தண்ணீர் வடிந்தாலும் இறங்கக் கூடாது, எச்சரிக்கை பத்துத் தடவை பொய்த்தாலும் பதினோராவது தடவையும் ஓட வேண்டும் என்று நடக்கும்போதே சொல்லுங்கள். கிழவிகள் இருக்கும் வீடென்றால் அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைகள் அவர்கள் சொன்னால்தான் கேட்பார்கள்.